கேட்டவர்க்கெல்லாம் வழி சொன்ன மைனா

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், குழந்தைகளே, வழி காட்டுவதற்கென்று இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒன்று மைனா. எந்தப் பாதையை யானைக் கூட்டம் மறித்திருக்கிறது, எங்கே வெள்ளம் வந்திருக்கிறது என்று அன்றன்றைய செய்தி அதன் அலகு நுனியில் இருக்கும். யார் கேட்டாலும் சும்மாவே சொல்லும். மற்றொன்று பெருச்சாளி. இரண்டு கிழங்கை முன்னால் வைத்தால்தான் எழுந்தே வரும். அதற்குத் தெரிந்ததும் போன வருஷத்துப் பாதைகள்தான்.

"நடக்கப் போவது நாம், கிழங்கு இவனுக்கா?" என்று எல்லோரும் மைனாவிடமே போனார்கள்.

ஒரு நாள் மழையில் முயலின் வளைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மூன்று குட்டிகளையும் உடனே வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

"மைனா அக்கா, அக்கரை ஈச்சம்புதருக்கு எப்படிப் போவது?"

"வலப்பக்கம் போ. நாவல் மரத்தில் இடப்பக்கம் திரும்பு. அவ்வளவுதான்!"

முதலில் இடத்தைப் பார்த்து வரலாம் என்று, குட்டிகளை ஒரு மேட்டில் ஒளித்துவைத்துவிட்டு முயல் தனியாகப் போனது. நல்லவேளை! புதருக்குள் நரி நாக்கைச் சுழற்றிக்கொண்டு காத்திருந்தது. வாலில் நாலு முடி போனதோடு முயல் தப்பித்து ஓடி வந்தது.

"நான் அங்கே வருவது நரிக்கு எப்படித் தெரிந்தது?" என்று மூச்சு வாங்கக் கேட்டது.

"நான்தான் சொன்னேன்" என்றது மைனா, கொஞ்சமும் கூசாமல். "நீ கேட்டாய், வழி சொன்னேன். நரி கேட்டது, நீ போகிற இடத்தைச் சொன்னேன். தினமும் எனக்கு வெட்டுக்கிளி பிடித்துத் தருகிறதே, பாவம்!"

முயலுக்கு வந்த கோபத்தில் காதுகள் இரண்டும் விறைத்து நின்றன. ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை.

"சரி அக்கா, குட்டிகளோடு கிழக்குப் பாறைக் குகைக்குப் போகிறேன். வழி சொல்" என்றது.

அந்தக் குகையில் கரடி தூங்குவது முயலுக்குத் தெரியும். நரிக்குத் தெரியாது.

மைனா வழி சொன்னதும், முயல் இரண்டு கிழங்கோடு நேரே பெருச்சாளியிடம் போனது. குட்டிகளையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்காட்டு வளைக்குக் கிளம்பினார்கள். நடுவழியில் பெருச்சாளி விழுந்து கிடந்த மரத்தில் முட்டிக்கொண்டு, "போன வருஷம் இது இங்கே இல்லையே!" என்று முனகியது. குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன. மரத்தைச் சுற்றிக்கொண்டு எல்லோரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

"நாங்கள் இங்கே இருப்பதை யாரிடமும் சொல்லிவிடாதே" என்றது முயல்.

"எனக்கு வழி காட்டத்தான் தெரியும். ஊர்க்கதை பேசத் தெரியாது" என்று பெருச்சாளி கிழங்கைக் கடித்தது.

அதே நேரம் குகைக்குள் நுழைந்த நரி, இருட்டில் மெத்தென்று பட்ட காதை முயல் காது என்று கவ்வியது. கரடி விழித்துக்கொண்டு ஓங்கி ஓர் அறை விட்டது!

நரி நொண்டிக்கொண்டே மைனாவிடம் ஓடி வந்தது. "கரடி துரத்துகிறது! ஒளிந்துகொள்ள இடம் சொல், சீக்கிரம்!"

"இலுப்பை மரத்துப் பொந்து. நேராகப் போ!"

நரி அந்தப் பக்கம் மறைந்ததும், இந்தப் பக்கம் கரடி வந்து நின்றது.

"நரி எங்கே போனது?"

"இலுப்பை மரத்துப் பொந்துக்கு" என்றது மைனா சந்தோஷமாக. "நேராகப் போங்கள்!"

நீதி: கேட்டவர்க்கெல்லாம் இலவசமாக வழி சொல்பவர், நாம் போகும் வழியையும் கேட்டவர்க்கெல்லாம் சொல்லிவிடுவார்.