மொட்டைப்பாறை மேல் ஒரு வைத்தியசாலை

காட்டின் தெற்கு மூலையில் ஒரு குளம் இருந்தது. சருகுமான், முள்ளம்பன்றி, முயல், ஆமை என்று சின்னச் சின்ன உயிர்கள் அதை நம்பிப் பிழைத்தன. காட்டுப்பன்றிகளும் அதை நம்பித்தான் இருந்தன, ஆனால் குடிப்பதற்கு மட்டும் அல்ல. எல்லோரும் தண்ணீர் குடிக்கும் துறையிலேயே அவை புரண்டன. மற்ற காரியங்களையும் அங்கேயே முடித்துக்கொண்டன. கேட்டால், "இது எங்க முப்பாட்டன் புரண்ட இடம்" என்றன.

கோடையில் குளம் வற்றிக் குழம்பாகிவிடும். அதைக் குடித்த குட்டிகளுக்கு வயிற்றால் போகும். சில பிழைக்கும், பல சாகும். பெரிய மிருகங்கள் வாழும் வடக்குக் காட்டில் இது யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் வந்ததும் இல்லை.

செம்பி என்ற சருகுமான் ஒரு கோடையில் இப்படித் தன் தலைச்சன் குட்டியைப் பறிகொடுத்தது. அது அழுத அழுகை எப்படியோ சிங்கராஜாவின் காதுக்குப் போய்விட்டது.

"தெற்குக் காட்டில் ஒரு வைத்தியசாலை கட்டுங்கள்" என்றது சிங்கம்.

நல்ல உத்தரவுதான். யார் இல்லை என்றார்கள்? ஆனால் கட்டும் பொறுப்பை மந்திரி மயிலிடம் கொடுத்தார்கள். அங்கேதான் காரியம் கெட்டது.

மயில் பறந்து வந்து குளத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. தரையில் இறங்கவில்லை. சேறு பட்டால் தோகை என்ன ஆவது? நேராக மொட்டைப்பாறையின் உச்சியில் போய் உட்கார்ந்தது.

"ஆகா, இதுதான் இடம்! அரசர் தம் குகை வாசலில் நின்றபடியே பார்க்கலாம்" என்றது.

மொட்டைப்பாறை சுவர் போலச் செங்குத்தானது. மயிலுக்கு இறக்கை இருந்தது, அதனால் அந்தச் செங்குத்து அதன் கண்ணில் படவில்லை. நோயாளிகளுக்குக் கால்தான் இருக்கிறது, அதுவும் நோய் வந்தால் நடுங்குகிற கால் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. யாரையும் கேட்கவும் இல்லை.

மூங்கில் வைத்து, தர்ப்பை வேய்ந்து, அழகாக ஒரு குடிசை எழும்பியது. திறப்பு விழாவில் மயில் தோகை விரித்து ஆடியது. கீழே நின்று அண்ணாந்து பார்த்த ஆமை பணிவாகக் கேட்டது.

"மந்திரியாரே, நாங்க இதுல எப்படி ஏறுறது?"

மயில் சிரித்தது. "முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்படலாமா?"

ஆமையின் பக்கத்தில் நின்ற முள்ளம்பன்றி முள்ளி சிலிர்த்துக்கொண்டது. "தேனைக் கொண்டுபோய்க் கொம்புல வச்சது யாருங்க?" என்றது. அதற்குள் மயில் பறந்துவிட்டது.

குடிசையில் வைத்தியராகக் கரடியை உட்கார வைத்தார்கள். கெட்டிக்கார வைத்தியர். ஆனால் இடத்தை விட்டு இறங்கக் கூடாது என்பது மயிலின் கட்டளை. கரடியும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுத் தேனடையை நக்கியபடி உட்கார்ந்திருந்தது.

அடுத்த கோடை வந்தது, போனது. மயில் ஒருநாள் பறந்து வந்து, "எத்தனை பேர் வைத்தியத்துக்கு வந்தார்கள்?" என்று விசாரித்தது.

"ஒருத்தரும் வரவில்லை" என்றது கரடி.

மயில் சபைக்குப் போய், "அரசே, தெற்குக் காட்டில் இப்போது நோயே இல்லை!" என்றது. சபையே கைதட்டியது. அந்தக் கோடையில்தான் செம்பியின் இரண்டாவது குட்டியும் செத்தது. கைதட்டியவர்கள் ஒருவருக்கும் அது தெரியாது. எனக்கு இதைச் சொல்லும்போதே வயிறு எரிகிறது.

மறுகோடையில் செம்பிக்கு மூன்றாவதாக ஒரு குட்டி இருந்தது. அதற்கும் வயிற்றால் போக ஆரம்பித்தது.

தெற்குக் காட்டில் ஒரு பழக்கம் உண்டு. வயிற்றால் போனால் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்பது அவர்கள் கணக்கு. பக்கத்துப் புதர் முயல் வந்து செம்பிக்குப் புத்தி சொன்னது.

"ஒரு சொட்டு குடுத்துராத அக்கா. ஒழுகுற பானையில யாராச்சும் தண்ணி ஊத்துவாங்களா?"

செம்பி குட்டிக்கும் குளத்துக்கும் நடுவில் போய் நின்றுகொண்டது. குட்டி நாக்கை நீட்டி நீட்டிக் கேட்டது. செம்பி மனசைக் கல்லாக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பியது. பொழுது ஏற ஏறக் குட்டியின் கண் குழி விழுந்தது. பிறகு அது கேட்பதையும் நிறுத்திவிட்டது.

முள்ளி ஓடி வந்து பார்த்தது. "இப்படியே விட்டா போயிரும். வா, பாறைக்குப் போவோம்."

"ஏற முடியாதே, முள்ளி."

"ஏற முடியாட்டி கீழ நின்னு கத்துவோம். வாய்க்குமா பூட்டுப் போட்டிருக்கான்?"

ஆமை முதுகைக் காட்டியது. குட்டியை அதன் மேல் கிடத்தி, இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு நடந்தார்கள். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் கூட வந்தார்கள். பாறையடியில் நின்று ஒரே குரலாகக் கூப்பிட்டார்கள். உச்சியில் கரடியின் தலை தெரிந்தது.

"மேலே கொண்டு வாருங்கள். எனக்கு இறங்க அனுமதி இல்லை" என்றது கரடி.

"ஐயா, கீழ ஒரு உசுரு போய்க்கிட்டிருக்கு. நீங்க அனுமதியைப் பேசுறீங்களே" என்றது முள்ளி.

கரடி தலையைச் சொறிந்தது. "என்ன செய்கிறது குட்டிக்கு?"

"வயித்தால போகுது" என்றது செம்பி.

"தண்ணீர் கொடுத்தாயா?"

"இல்லீங்க. ஒரு சொட்டுகூடக் குடுக்கல."

"அடப் பாவமே!" கரடி பதறிப்போய்ப் பாறை விளிம்புக்கே வந்துவிட்டது. "போகப் போகக் கொடுக்க வேண்டுமே! நல்ல தண்ணீரில் கொஞ்சம் உப்பும் கொஞ்சம் தேனும் கலந்து, சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த நோயில் தண்ணீர் வற்றித்தான் உயிர் போகும்."

செம்பி பாறையை அடியிலிருந்து உச்சி வரை அண்ணாந்து பார்த்தது. பிறகு பேசியபோது அதன் குரலில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது.

"என் ரெண்டு புள்ளைங்களும் தண்ணி தண்ணின்னு கேட்டுத்தான் செத்துச்சு. பெத்தவ நான், குடுக்காம காவல் நின்னேன். முதல் புள்ளைக்கு எடுத்துச் சொல்ல யாரும் இல்ல. ரெண்டாவது புள்ள சாகும்போது நீங்க இங்கதானே ஐயா உக்காந்திருந்தீங்க? தண்ணி குடுன்னு சொல்றது ஒரே ஒரு வார்த்தை. அதைக் கொண்டுபோய் இவ்வளவு உசரத்துல வச்சீங்களே!"

கரடி குடிசைக்குள் ஓடியது. தேனடையைக் கவ்விக்கொண்டு, பாறையில் சறுக்கிச் சறுக்கி இறங்கியது. வேலை போனால் போகட்டும் என்று அப்போதுதான் அதற்குத் தோன்றியது. கொஞ்சம் முன்பே தோன்றியிருக்கலாம்.

"குளத்துத் தண்ணீர் ஆகாது. வேறு தண்ணீர் வேண்டும்" என்றது கரடி.

முள்ளி பக்கத்து ஓடையின் மணலைப் பறித்தது. முயல்களும் சேர்ந்து பறித்தன. ஊற்று தெளிந்து சுரந்தது. கலங்காமல் இலையில் மொண்டு, மான்கள் நக்கும் உவர்மண் பாறையிலிருந்து உப்புச் சுரண்டிப் போட்டு, தேன் கலந்து, குட்டியின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். செம்பி ஓய்ந்தால் ஆமை விட்டது. ஆமை ஓய்ந்தால் முயல் விட்டது, ஒழுகுற பானை என்று சொன்ன அதே முயல்தான். அந்தி சாயும் நேரத்தில் குட்டி கண்ணைத் திறந்து இன்னும் வேண்டும் என்று நாக்கை நீட்டியது.

மறுநாள் எல்லோரும் கூடினார்கள். ஊற்றுக்கு முள்வேலி போட்டு, முறைவைத்துக் காவல் காப்பது என்று முடிவானது. ஒவ்வொரு புதருக்கும் போய், வயிற்றால் போகும் குட்டிக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்வது செம்பியின் பொறுப்பு. துறையை விட்டு விலகச் சொன்னபோது ஆண்பன்றி உறுமியது.

"எங்க முப்பாட்டன்..."

"உங்க முப்பாட்டன் புள்ளைங்க எத்தனை பொழைச்சுச்சு?" என்று கேட்டது வேறு யாருமல்ல, அதன் பெண்டாட்டி. குட்டிகளை ஓட்டிக்கொண்டு குளத்தின் கடைக்கோடிக்குப் போய்ப் புரண்டது. ஆண்பன்றி முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனது.

பிறகு முள்ளி பாறையைக் காட்டியது. "அது மட்டும் எதுக்கு அங்க?"

கரடியும், கரையோர மரங்களில் இருந்த குரங்குகளும் மேலே ஏறினார்கள். மூங்கில் மூங்கிலாக, கற்றை கற்றையாகப் பிரித்துக் கீழே போட்டார்கள். மற்றவர்கள் பொறுக்கி எடுத்துப் போய், குளத்தங்கரையில் அதே வைத்தியசாலையை மறுபடி கட்டினார்கள். வாசல் ஆமை நுழையும் உயரத்தில் இருந்தது.

மொட்டைப்பாறை மொட்டையாக நிற்பதைக் கண்டு மயில் அலறிப் பறந்து வந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சேற்றில் கால் வைத்தது.

"யாரைக் கேட்டுக் கீழே இறக்கினீர்கள்?" என்று சீறியது.

செம்பி பயப்படவில்லை. அதன் குட்டி காலடியில் நின்று பால் குடித்துக்கொண்டிருந்தது.

"யாரைக் கேட்டு மேல கட்டினீங்க?" என்றது செம்பி.

மயில் கூட்டத்தைப் பார்த்தது. ஒருவரும் தலை குனியவில்லை. கரடிகூடக் குனியவில்லை.

"அரசர் பார்த்தால் ஒன்றுமே தெரியாதே!" என்றது மயில், சுருதி இறங்கி.

"தெரியணும்னா இறங்கி வரச் சொல்லுங்க. வழி இருக்கு" என்றது செம்பி.

குழந்தைகளே, பெரியவர்களே: நோவுபடுகிறவரைக் கேட்காமல் கட்டிய வைத்தியசாலை, கட்டியவரின் பெருமைக்குத்தான் மருந்து கொடுக்கும்.