எந்த ஸ்கேனர் வாங்கட்டும்?

"எந்த ஸ்கேனர் வாங்கட்டும், குருவம்மா?"

மலை ஏறி வந்த மூச்சு அடங்கவில்லை. அதற்குள் தங்கப்பழம் கேட்டுவிட்டான்.

குருவம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். சீடனைவிட அவர் ரொம்ப இளையவர். அவன் அவர் காலில் விழுவான். அவர் அவனை 'அண்ணே' என்பார். இரண்டு பேருக்குமே இந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை.

"போன தடவையும் இதைத்தானே கேட்டீங்க, அண்ணே?"

"அப்ப மூணு ஸ்கேனர்ல குழப்பம். இப்ப ஏழு."

அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு படம். அவன் தொட்டிலில் கிடந்தபோதே அப்பா இறந்துவிட்டார். வீட்டில் இருக்கிற படங்களில் எல்லாம் வாயை இறுக மூடிக்கொண்டு முறைப்பார். ஒரே ஒரு தடவை சிரித்தாராம். அதை ஸ்டுடியோக்காரர் கையிலிருந்து கேமராவை வாங்கி அம்மாவே எடுத்தாளாம். நெகட்டிவ் மட்டும்தான் மிச்சம், பிரிண்ட் கிடையாது.

அம்மாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஆடி தாண்டினால் சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதற்குள் அந்தச் சிரிப்பை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்கிறாள்.

"தட்டை ஸ்கேனர் வாங்கினா படம் மசமசன்னு விழுமாம். ஃபிலிமுக்குன்னே ஒண்ணு இருக்கு. இந்தப் பெரிய ஃபிலிம் அதுக்குள்ள நுழையாது."

"ம்."

"தூசியத் தானே அழிக்கிற ஸ்கேனரும் இருக்கு. ஆனா கறுப்பு வெள்ளை ஃபிலிம்ல அது தூசிய விட்டுட்டு மூக்க அழிச்சாலும் அழிச்சிருமாம்."

"யார் மூக்க?"

"எங்கப்பா மூக்கத்தான். தப்பா ஒண்ண வாங்கித் தொலைச்சுட்டா? ராத்திரி தூக்கமே வரல, குருவம்மா."

குருவம்மா கையை நீட்டினார்.

தங்கப்பழம் பையைத் திறந்தான். துணிக்குள் டப்பா, டப்பாவுக்குள் கவர், கவருக்குள் இன்னொரு கவர்.

"சிரிப்பு எப்படி இருக்கு?"

"நான் பார்க்கல."

"பார்க்கலையா?"

"வெளிய எடுத்தா தூசி படுமே!"

குருவம்மா மொச்சைக் கையைச் சேலையில் துடைத்தார்.

"ஐயோ, கையுறை! கையுறை இருக்கு, குருவம்மா!"

அவர் காதில் வாங்கவில்லை. நெகட்டிவை விளிம்பில் பிடித்தபடி சமையற்கட்டுப் பக்கம் நடந்தார். அங்கே, ஜீப்பில் முன்னாலேயே வந்திறங்கியிருந்த அவன் அம்மா பேச்சித்தாய் வெயிலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

குருவம்மா நெகட்டிவை அவள் கையில் கொடுத்து, கையைச் சூரியனுக்கு நேராகத் தூக்கிவிட்டார்.

பேச்சித்தாய் கண்ணை இடுக்கினாள்.

"யாரு இது, கறுப்பு வேட்டி? நம்ம வீட்ல யாரும் சபரிமலைக்கு மாலை போடலியே?"

"நெகட்டிவ்மா!" தங்கப்பழம் ஓடி வந்தான். "எல்லாம் மாறித் தெரியும். வெள்ளை கறுப்பா, கறுப்பு வெள்ளையா."

அவள் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தான்.

"பல்லப் பாருலே! என்ன வெள்ளை!"

"என்னம்மா?"

"புகையிலை போட்டுப் போட்டு ஒங்கப்பாவுக்கு அத்தன பல்லும் கரிக்கட்டைலே. அந்த வெக்கத்துலதான் போட்டோன்னா வாயத் தொறக்க மாட்டாக. நான் கொரங்கு மாதிரி மூஞ்சிய வச்சுல்லா சிரிக்க வச்சேன்! ஸ்டுடியோக்காரன்ட்ட இத மட்டும் பிரிண்ட் போடாதன்னுட்டாக."

தங்கப்பழம் எட்டிப் பார்த்தான். விரலகலத்தில் ஒரு மனிதர் பல் அத்தனையும் பளிச்சிடச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கொடும்மா. நல்ல ஸ்கேனரா வாங்கி, கறுப்பு வெள்ளையச் சரியா மாத்திக் கொண்டாரேன்."

பேச்சித்தாய் நெகட்டிவை மடியில் செருகிக்கொண்டாள்.

"தொட்டே, பாத்துக்க. ஒரு முடி நரைக்கும் முன்ன போன மனுசன்லே. இப்பத்தான் எனக்கு ஈடா தலை நரைச்சு வந்து நிக்காக. அவுகள மறுபடி எளவட்டமாக்கி, என்னைய மட்டும் கெழவியா நிக்க வைக்காத."