குளத்தில் முங்கிப் பார்

சீடருக்கு வயது ஐம்பத்தொன்பது. குருவுக்கு முப்பத்தெட்டு. கப்பலில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை.

சீடர் தாணுலிங்கம் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். குரு செர்லின் அங்கே அவரிடம் படித்தவர். இப்போது தென்துருவக் கடலை ஆராயும் குழுவுக்குத் தலைவி. கயிறு பிடிக்கும் வேலையானாலும் சரி, ஒருமுறை கூட்டிக்கொண்டு போ என்று தாணுலிங்கம்தான் கேட்டு வந்தார்.

"இங்க நீதான் குரு. நான் சீடன்" என்றார் முதல் நாளே.

"சரி சார்" என்றார் செர்லின்.

அந்த "சார்" போகவில்லை. தாணுலிங்கத்தின் "நீ"யும் போகவில்லை.

கப்பலுக்கு எதிரே பனிச்சுவர் நின்றது. நிலத்திலிருந்து நகர்ந்து வந்து கடல்மேல் மிதக்கும் பனி. வெளியே தெரிவது கோபுர உயரம். தண்ணீருக்குள் இருப்பது அதைப்போலப் பல மடங்கு.

சுவருக்கு அருகே ஒரு நீளக் கயிற்றைக் கடலடிவரை இறக்கிவிட்டுப் போக வேண்டும். கீழ்நுனியில் எடைக்கல், மேல்நுனியில் மிதவை, கயிற்றில் ஒன்பது வெப்பமானிகள். ஒரு வருஷம் தண்ணீருக்குள் இருந்து வெப்பத்தைப் பதிவு செய்யும். அடுத்த கோடையில் வந்து எடுப்பார்கள். போன வருஷம் கடல் உறைந்து கிடந்ததால் இந்த இடத்தை எட்டாமலே திரும்ப வேண்டியிருந்தது. இப்போது வழி திறந்திருந்தது. காற்று மாறினால் மிதக்கும் பனி வந்து அடைத்துவிடும், அதற்குள் வேலையை முடியுங்கள் என்று கேப்டன் சொல்லியிருந்தார்.

வெப்பமானிகளைக் கயிற்றில் கட்டும் பொறுப்பு தாணுலிங்கத்துடையது.

காலையில் ஓர் அளவுக் கருவியை அடிவரை இறக்கித் தூக்கினார்கள். கணினித் திரையில் எண்கள் வந்தன. மேலே, மைனஸ் ஒன்று புள்ளி எட்டு டிகிரி. அரை கிலோமீட்டர் ஆழத்தில், பூஜ்யத்துக்கு மேலே ஒரு டிகிரி.

தாணுலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"கருவி கெட்டுப்போச்சு."

"எப்படிச் சொல்றீங்க சார்?"

"தலைகீழாக் காட்டுது. மேலே குளிராம், அடியில சூடாம்."

"அப்படி இருக்கக் கூடாதா?"

"என்ன கேள்வி கேக்கிற? சூடான தண்ணி லேசு, மேலே வரும். குளிர்ந்த தண்ணி கனம், கீழே போகும். குளத்துல முங்கிப் பார்த்தா தெரியாதா? மேலே இளஞ்சூடு, காலடியில ஜில்லுனு இருக்கும்."

செர்லின் திரையிலிருந்த எண்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

"அதனாலதான் ஒன்பதையும் கயிற்றோட மேல்நுனியில கட்டிட்டேன். இந்தச் சுவரைக் கரைக்கிற சூடு எப்போ வந்தாலும் மேலாகத்தான் வரும். கீழே கட்டினா வீண்."

"கயிறு உங்க பொறுப்பு சார். எங்கே கட்டணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

"தப்புன்னா சொல்லு. மாத்திக் கட்டிடறேன்."

"நான் சொன்னா கட்டிடுவீங்க. அதான் சொல்லல."

"காற்று மாறிச்சுன்னா?"

"ஒரு வருஷம் போகும்" என்று செர்லின் எழுந்தார். "வாங்க, டீ குடிப்போம்."

சமையலறையில் சூசைமிக்கேல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கப்பலின் சமையல்காரர். கடலோர மணப்பாட்டுக்காரர்.

"வாங்க, வாங்க. இன்னைக்கு யாருக்கு யாரு பாடம்?"

"அண்ணே, ஒரு காலி ஊறுகாய் பாட்டில் வேணும். வெதுவெதுப்பா கொஞ்சம் தண்ணி. ஒரு பிடி உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள்."

"மஞ்சத்தண்ணியா? யாரு மேல ஊத்தப்போறீங்க மேடம்? முறை இருக்கான்னு பாத்துக்கிடுங்க."

செர்லின் சிரித்தார். வெந்நீரில் உப்பையும் மஞ்சளையும் கரைத்துப் பாட்டிலில் பாதிவரை ஊற்றினார். பிறகு குளிர்பெட்டியிலிருந்த நல்ல தண்ணீரை எடுத்தார். ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் வழியவிட்டு, மெல்ல மெல்ல மேலே நிரப்பினார்.

மஞ்சள் கீழேயே நின்றது. அதன்மேல் தெளிந்த தண்ணீர். நடுவே ஒரு கோடு.

"சார், விரலை விட்டுப் பாருங்க."

தாணுலிங்கம் விரலை விட்டார். "ஜில்லுனு இருக்கு."

"அடியில?"

பாட்டிலின் அடிப்பக்கத்தைக் கையால் பொத்திப் பார்த்தார். கையை எடுக்கவில்லை.

"இது ஏன் மேலே வரல?" என்றார். யாரிடமும் கேட்டதுபோல இல்லை.

செர்லின் வெளியே போய், கைப்பிடிக் கம்பியில் தொங்கிய பனிக்குச்சி ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்தார். மேல்முனையைத் துணியால் பிடித்து, குச்சியைப் பாட்டிலுக்குள் நேராக நிறுத்தினார். மேல்பாதி குளிர்ந்த தண்ணீரில். கீழ்ப்பாதி மஞ்சளில்.

மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேல்பாதி அப்படியே இருந்தது. கீழ்ப்பாதி பென்சில்போல மெலிந்தது. பிறகு ஊசிபோல. பிறகு இல்லை.

"கடல்ல அடித்தண்ணி எத்தனை சூடு இருக்கும் மேடம்?" என்றார் சூசைமிக்கேல்.

"ஒரு டிகிரி."

"ஒரு டிகிரியா! அது சூடா? எங்க ஊர்ல ஐஸ்பெட்டியில கிடக்கிற மீன்கூட அதைவிடச் சூடா இருக்கும்."

"மீனுக்கு அது குளிருதான் அண்ணே. உங்களுக்கும் எனக்கும் குளிருதான்." செர்லின் துணியில் மிச்சமிருந்த பனித்துண்டை அவர் முன்னால் வைத்தார். "இதுக்கு?"

சூசைமிக்கேல் அந்தத் துண்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

தாணுலிங்கம் ஒரு ஸ்ட்ராவை எடுத்துப் பாட்டிலின் அடிவரை விட்டு ஒரு வாய் உறிஞ்சினார். முகத்தைச் சுளித்தார்.

"உப்பு" என்றார்.

"ரசம்னு நினைச்சீங்களோ?" என்றார் சூசைமிக்கேல்.

"உப்புதான் கனம். சூட்டை அதுதான் மேலே வரவிடாம கீழே பிடிச்சு வச்சிருக்கு. குளத்துல உப்பு இல்லை..." அவர் பாதியில் நிறுத்தினார். டீயைக் குடிக்காமல் எழுந்து மேல்தளத்துக்குப் போனார்.

செர்லின் மேலே வந்தபோது அவர் கயிற்றின் முன் குந்தியிருந்தார். முடிச்சுகள் இறுகியிருந்தன. கையுறையோடு அவிழ்க்க முடியவில்லை. கழற்றி வைத்திருந்தார். விரல்கள் சிவந்திருந்தன.

கப்பலின் கொடி படபடத்தது. காற்று மாறத் தொடங்கியிருந்தது. கேப்டன் மேலிருந்து ஒருமுறை சங்கு ஊதினார்.

செர்லின் எதிரே உட்கார்ந்து கயிற்றை இழுத்துப் பிடித்தார்.

"உனக்கு ஒரு மார்க் குறைச்சேன்" என்றார் தாணுலிங்கம், முடிச்சைப் பார்த்தபடியே.

"எப்போ சார்?"

"ரெண்டாம் வருஷப் பரீட்சையில. 'வெப்பமான நீர் பெரும்பாலும் மேலே வரும்'னு எழுதியிருந்தே. பெரும்பாலும்ங்கிற சொல்லைச் சிவப்பு மையால அடிச்சேன். நீ வந்து ஏன்னு கேட்டே. குளத்துல முங்கிப் பாருன்னு சொன்னேன்."

"எங்க ஊர்ல குளம் இல்லை சார், கடல்தான் இருக்குன்னு சொன்னேன்."

"ஆமா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

முடிச்சு அவிழ்ந்தது. அவர் வெப்பமானிகளை ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுபோய்க் கட்டினார். ஆறு அடிப்பக்கம். இரண்டு நடுவில். ஒன்றை மட்டும் மேல்நுனியிலேயே விட்டுவைத்தார்.

"அது எதுக்கு சார் அங்கே?"

"பெரும்பாலும்னு சொல்றவன் ரெண்டு பக்கமும் பார்க்கணும்ல?"

கயிறு இறங்கியது. அடியிலிருந்த எடைக்கல் கடல்தரையைத் தொட்டதும் கயிற்றை இறக்கிய சுழலி நின்றது. மிதக்கும் பனித்துண்டுகள் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாக நெருங்கிக்கொண்டிருந்தன. கப்பல் திரும்பியது.

இருவரும் பின்தளத்தில் நின்றார்கள். பனிச்சுவர் மெல்ல விலகியது. அதில் ஒரு கீறல்கூடத் தெரியவில்லை.

"அந்த ஒரு மார்க்கை இப்போ போட்டுடவா?"

"வேண்டாம் சார். அது இல்லாமலே இவ்வளவு தூரம் வந்துட்டேன்."

தாணுலிங்கம் விரல்களை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் சுவரைப் பார்த்தார்.

"இத்தனை பெரிசு. இத்தனை வருஷமா நிக்குது. இது கரையணும்னா எவ்வளவு சூடு வேணும்?"

"ஒரு டிகிரி போதும் சார்" என்றார் குரு. "அடியிலேருந்து வந்தா."