மாகாவின் முகம்

"முகம் மட்டும் வரமாட்டேன் என்கிறது, குருவே" என்றான் டொனால்.

ஓர்லா கையிலிருந்த உளியைக் கீழே வைக்கவில்லை. அயர்லாந்தின் மேற்குக் கரையில், பழைய கதைகளின் தேவிகளைக் கல்லில் செதுக்குகிறவர்களுக்கெல்லாம் அவள்தான் ஆசிரியை. டொனாலைவிட வயதில் இளையவள். அதில் அவனுக்குக் கூச்சம் இருந்ததில்லை.

"யாருடைய முகம்?"

"மாகா தேவியின் முகம். ஓடுகிற கால் வந்துவிட்டது. நிறைமாத வயிறு வந்துவிட்டது. கூந்தல் காற்றில் பறப்பதைப் பார்த்து ஊர்க்காரர்கள் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். முகத்தில் உளியை வைத்தால் பொம்மைதான் வருகிறது."

"அவள் கதையைச் சொல்."

"உங்களுக்குத் தெரியாததா?"

"நீ சொல்லி நான் கேட்டதில்லை."

டொனால் சொன்னான்.

தேவி ஒரு மனிதனுக்கு மனைவியாக வந்து வாழ்ந்தாள். திருவிழாவில் எல்லோரும் அரசனின் குதிரைகளைப் புகழ, "இவற்றைவிட என் மனைவி வேகமாக ஓடுவாள்" என்று கணவன் பெருமையடித்துவிட்டான். அரசன் அவனைப் பிடித்துக் கட்டினான். அவள் ஓடாவிட்டால் இவன் தலை போகும் என்றான். அவள் ஓடினாள். குதிரைகளை முந்தினாள். ஓட்டம் முடிந்த இடத்திலேயே விழுந்து இரட்டைக் குழந்தைகளைப் பெற்றாள். அந்த நாட்டு ஆண்களைச் சபித்தாள்.

"ஓடுவதற்கு முன்னால் அவள் ஒன்றும் கேட்கவில்லையா?"

"கேட்டாள். எனக்கு நேரம் நெருங்கிவிட்டது, பிள்ளை பிறக்கும்வரை பொறுங்கள் என்று."

"யாரிடம்?"

"அரசனிடம். கூடி நின்றவர்களிடமும். உங்களையும் ஒரு தாய்தானே பெற்றாள் என்றாள்."

"அவர்கள் என்ன சொன்னார்கள்?"

"ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்."

ஓர்லா எழுந்தாள். உடையில் படிந்திருந்த கல்தூளைத் தட்டினாள்.

"வா, சிலையைப் பார்க்கலாம்."

டொனாலின் கொட்டகையில் ஒரு பலகைமேல் ஈஃபா நின்றிருந்தாள். ஒரு கால் முன்னே, ஒரு குதிகால் மேலே, தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. அவன் மனைவி. நிறைமாதம். நான் வரும்வரை அசையாதே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவள் அசையவில்லை.

ஓர்லா சிலையின் பக்கம் திரும்பவே இல்லை.

"எப்போதிலிருந்து நிற்கிறாய், அம்மா?"

பதில் சொல்வதற்கு முன் ஈஃபா கணவனைப் பார்த்தாள்.

"காலையிலிருந்து."

"வலிக்கவில்லையா?"

"நேற்றுச் சொன்னேன். குழந்தை பிறந்துவிட்டால் இந்த வயிறு கிடைக்காது, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றார்."

 அவள் சொன்னது டொனாலுக்கு நன்றாக நினைவிருந்தது. பேசினால் தோள் அசைகிறதே என்றுதான் அப்போது அவனுக்குத் தோன்றியது.

கொட்டகையில் இருந்தது ஒரே ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்துதான் அவன் வேலை செய்வான். ஓர்லா அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பலகையருகில் போட்டாள். ஈஃபாவின் கையைப் பிடித்து மெல்ல உட்காரவைத்தாள்.

கணுக்கால் எது, பாதம் எது என்று தெரியாதபடி அவள் கால்கள் வீங்கியிருந்தன. வீக்கத்தை மட்டும் விட்டுவிட்டு அவன் அந்தக் கால்களைச் செதுக்கியிருந்தான்.

"முகம் வேண்டும் என்றாயே" என்றாள் ஓர்லா. "பார்."

டொனாலால் தலையைத் தூக்க முடியவில்லை.

ஈஃபா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முகம் வரவில்லையா? நான்தான் ஒழுங்காக நிற்கவில்லை போலிருக்கிறது" என்றாள். "நாளைக்கு இன்னும் நன்றாக நிற்கிறேன்."