நான்கு பழைய கேசட்டுகள்

எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் சொல்லப் போகிறோம் என்று பாக்கியசீலிக்குப் பஸ்ஸில் ஏறும்போதே தெரிந்துவிட்டது. 'அழிச்சிட்டேன் அக்கா' என்றால் வேண்டுமென்று செய்ததுபோல இருக்கும். 'அழிஞ்சிருச்சு அக்கா' என்றால் பொய். பாளையங்கோட்டை வருவதற்குள் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தாள். பத்தும் நாக்கில் ஒட்டவில்லை.

எப்சிபா அக்கா ஊர் ஊராகப் போய் ஜெபக்கூட்டங்களில் பாடுகிறவர். கீர்த்தனையைத் தாழ்ந்த குரலில் எடுப்பார். வரியின் பாதியில், யாரோ கூப்பிட்டதுபோல நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில்தான் ஜனங்கள் அழுவார்கள். மீதி வரி வரும்போது எல்லாரும் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பாக்கியசீலி ஒன்பது வருஷமாக அவரிடம் பாட்டுப் படிக்கிறாள். வயது நாற்பத்து நான்கு. இன்னும் தனியாக ஒரு மேடையும் ஏறவில்லை. அக்கா வீடும் இல்லையென்றால் அவளுக்குப் பாட வேறு இடம் கிடையாது.

விஷயம் இதுதான். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அக்கா ஒரு பிஸ்கட் டப்பாவை அவளிடம் கொடுத்து, "இது உங்கிட்ட இருக்கட்டும்" என்றிருந்தார். உள்ளே நான்கு கேசட். மேலே வருஷம் மட்டும் எழுதியிருந்தது, பெயர் இல்லை. போட்டுக் கேட்டாள். கீச்சென்று ஒரு குரல், வரிக்கு வரி மூச்சை இழுத்துக்கொண்டு பாடியது. யாரோ கோயில் கொயர்ப் பாட்டுக்குழுவில் பாடுகிறவள் என்று நினைத்துக்கொண்டாள். கேசட்டின் விளிம்பில் இருந்த ஓட்டைகளைக் காகிதம் ஒட்டி மூடினாள். அப்படி மூடினால்தான் பழைய கேசட்டில் மறுபடி பதிய முடியும். தன் பாடத்தை அதன்மேல் பதிந்து பதிந்து பழகினாள்.

நேற்று சென்னையிலிருந்து ஒரு பாட்டுக் கம்பெனிக்காரர் போன் செய்தார். எப்சிபா அம்மாவின் ஆரம்பகாலப் பதிவுகளை வெளியிடப் போகிறார்களாம். "அம்மாகிட்ட கேட்டேன். நாலு கேசட்டும் உங்ககிட்டதான் இருக்குன்னாங்க."

அப்போதுதான் அந்தக் கீச்சுக் குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது.

பாக்கியசீலி வீட்டுக்குள் போனபோது அக்கா மூன்று நாள் கூட்டம் முடிந்து வந்த அலுப்பில், வெந்நீர் வாளியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னளா, மூஞ்சி இப்படி இருக்கு? வீட்டுல சண்டையா?"

"இல்லக்கா."

"அப்ப இங்க போடத்தான் வந்திருக்க. உக்காரு."

பாக்கியசீலி உட்காரவில்லை. டப்பாவைக் கீழே வைத்தாள். பத்து விதமும் மறந்துபோனது.

"அது நீங்கன்னு தெரியலக்கா."

"எது?"

"கேசட்டுல. யாரோன்னு நெனச்சு மேல பதிஞ்சிட்டேன். நாலுலயும்."

அக்கா வாளித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழுசுமா?"

"நாலாவதுல கடைசியில கொஞ்சம் மிச்சம் இருக்கு."

"போடு."

அக்கா வீட்டு டேப் ரெக்கார்டர் பழசு. பொத்தானை இரண்டு தடவை அமுக்க வேண்டியிருந்தது. பாக்கியசீலியின் குரல் தாழ்ந்து எழுந்தது. வரியின் பாதியில் நின்றது. மறுபடி நகர்ந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வீட்டு ஞானப்பூ சத்தம் போட்டாள். "எப்சிபாக்கா! தொண்டைக்கு ஓய்வு குடுங்கன்னு டாக்டர் சொன்னாருல்லா? வந்ததும் வராததுமா பாட ஆரம்பிச்சிட்டீங்களே!"

அத்தனை பயத்திலும் பாக்கியசீலிக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அக்கா அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

'டக்'கென்று ஒரு சத்தம். பாக்கியசீலியின் குரல் அறுந்து, அந்தக் கீச்சுக் குரல் வந்தது. இரண்டு வரி. வரிக்கு வரி ஒரு இழுப்பு. பிறகு நாடா தீர்ந்துவிட்டது.

"இப்பக் கேட்டாலும் நீங்கன்னு தெரியலக்கா."

"எப்படித் தெரியும்? அது சாராள் டீச்சருல்லா."

"நீங்க பாடலயா?"

"பாடினது நான்தான். டீச்சர் எங்க கொயருக்கே தலைவி. அவிய மாதிரி ஒரு நாளாவது பாடிட்டாப் போதும்னு கெடந்தேன்."

"அந்த இழுப்பு?"

"டீச்சருக்கு ஆஸ்துமா."

"உங்களுக்கும் இருந்துச்சா?"

"எனக்கென்ன, ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தேன்."

பாக்கியசீலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை.

"நீ ஏன் பாதி வரியில நிறுத்துத?"

"நீங்க நிறுத்துவீங்கள்லா."

"பதினாறு வருஷம் டீச்சர் குரல்லயே பாடினேன். அப்புறந்தான் எனக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆச்சு. அதுக்கப்புறம் ஒரு மூச்சுல முழு வரி எட்டல. டீச்சர் மாதிரியும் பாட முடியல. முடிஞ்ச மட்டும் பாடினேன். உனக்கு என்ன வியாதி?"

பாக்கியசீலி கேசட்டை எடுத்து டப்பாவில் வைத்தாள்.

"எம்மேல கோவமாக்கா?" என்றாள்.

"கோவம் இருக்கு. எந்திரிக்கத்தான் முடியல."

"நாளைக்கு நான் வரலாமா?"

"வராம? இந்தத் தண்ணிய யாரு கொட்டுவா?"

அவள் குனிந்து வாளியைத் தொடுவதற்குள் போன் அடித்தது. சென்னை நம்பர்.

"கம்பெனிக்காரரு. என்ன சொல்லட்டும்?"

"அவரு கேட்டது என்ன?"

"ஆரம்பகாலப் பதிவு."

"அதான் நாலு கேசட் நெறைய இருக்கே."

"அது நான் பாடினதுல்லாக்கா."

"ஆமா, உன் ஆரம்பகாலம்" என்றார் அக்கா.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். இருக்கிறது என்று சொன்னால் நாளைக்கே ஆள் அனுப்புவார். பாக்கியசீலி இரண்டையும் சொல்லவில்லை. எடுத்து, "வேலை நடந்துகிட்டு இருக்கு சார்" என்றாள்.

எதிர்ப்பக்கம் ஏதோ கேட்டது. அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"எப்ப முடியும்னு கேக்காருக்கா."

அக்கா ஆறிப்போன தண்ணீரிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தார்.

"எனக்குப் பதினாறு வருஷம் ஆச்சுன்னு சொல்லு."