அறவாழியின் பாஸ்வேர்ட்

“என் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், டீச்சர். அப்புறம் ஏன் எனக்குச் சோறு இறங்கவில்லை?”

அறவாழி விசாரணை அறிக்கையை நீட்டினார். வால்பாறைக்கு ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தார். ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு.

எஸ்தர் அவரைவிட ஆறு வயது இளையவர். டைப்பிஸ்டாக இருந்த அறவாழிக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர்.

அறிக்கையை வாங்கினார். பிரிக்கவில்லை.

“நீங்களே சொல்லுங்கள்.”

“ரத்த வங்கியில் ஒரு மென்பொருள். ரத்தம் கொடுக்கிறவர்களின் பெயர், போன் நம்பர் எல்லாம் அதில்தான். அட்மின் பாஸ்வேர்ட் போட்டால்தான் திறக்கும். அது என் ஒருவனிடம்தான் இருக்கிறது.”

“அங்கே வேலை செய்கிறவர்?”

“சாந்தசீலி. தினமும் காலையில் என்னைக் கூப்பிடுவாள். போய் டைப் செய்வேன்.”

இடது கையைக் குவித்துக் காட்டினார்.

“இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு.”

“அவர் அனுமதி கேட்டதே இல்லையா?”

“மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள். பார்க்கலாம் என்றேன். முன்பு ஒருத்தருக்கு அட்மின் உரிமை கொடுத்து, அவர் எதையோ இறக்கி, எல்லா மெஷினிலும் வைரஸ். அத்தனை பேர் முன்னாலும் திட்டு வாங்கினேன், டீச்சர்.”

“அன்றைக்கு?”

“மத்தியானம் கரண்ட் போய் வந்தது. மெஷின் மறுபடியும் பாஸ்வேர்ட் கேட்டிருக்கிறது. நான் கீழ்த்தளத்தில் இருந்தேன். அங்கே சிக்னல் கிடையாது. பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். இருப்பில் ஒரு பை கூட இல்லை; கொடுக்கிறவர்களைக் கூப்பிட நம்பர் அந்த மெஷினில். சாந்தசீலி மாடி மாடியாக என்னைத் தேடி ஓடியிருக்கிறாள். நாற்பது நிமிடம்.”

“அந்தப் பெண்?”

“ஸ்டெல்லாபுஷ்பம். இருபத்து நாலு வயது. குழந்தை மட்டும் இருக்கிறது.”

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

“சீக்கிரம் கிடைத்திருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.”

எஸ்தர் அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“சாந்தசீலிக்கு அட்மின் உரிமை முழுதும் கொடுத்தாக வேண்டுமா?”

“வேண்டாம். அந்த மென்பொருள் இருக்கிற ஒரு ஃபோல்டரில் மட்டும் எழுத அனுமதி கொடுத்தால் போதும். அவள் பெயரிலேயே திறக்கும். வேறு எதையும் தொட முடியாது.”

“அதற்கு எவ்வளவு நேரமாகும்?”

 

“இரண்டு நிமிடம்” என்றார்.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார். எஸ்தர் தடுக்கவில்லை.

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டதும் எஸ்தர் கேட்டார்: “சாந்தசீலி என்ன சொன்னார்?”

“ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் எப்போதும் போலக் கூப்பிட்டாள். ‘சார், பாஸ்வேர்ட்’ என்றாள். போய்ப் போட்டுவிட்டு வந்தேன். அன்றிலிருந்து ஒன்றுமே ஓடவில்லை. தாங்க முடியாமல்தான் இன்றைக்கு லீவு போட்டுவிட்டு உங்களைத் தேடி வந்தேன்.”

எஸ்தர் அறிக்கையைத் திருப்பி அவர் கையில் வைத்தார்.

“நீங்கள் இங்கே இருக்கிறீர்களே, சார். இன்றைக்கு அங்கே யார் திறப்பார்கள்?”