இடது பக்கத்துப் பொட்டு

‘பொட்டு வைக்கறவ கார் பானெட்டுக்கு நடுவுல வைக்கக் கூடாதா? மூணு மாசமா இடது ஓரத்துலயே அப்பி வச்சிருக்கே. நாளைக்கு ஃபிலிம் ஒட்டறவன் அதைச் சுரண்டித்தான் எடுக்கணும்.’

காலையிலேர்ந்து உங்கப்பா இதை நாலு தடவை சொல்லியாச்சு. சாப்பிடும்போது ஒரு தடவை, கை கழுவும்போது ஒரு தடவை. சாமிப் பொட்டை ஸ்கேல் வச்சு அளக்கற ஒரே மனுஷன் இந்தக் கரூர்லயே இவர்தான். சரி, அவர் ஹால்ல உக்காந்து டிவி பாக்கட்டும். நீ வா நந்து, இப்படி வந்து படு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூங்கலைன்னா சாயங்காலம் எல்லாரையும் கடிப்பே. காலை நீட்டு.

“கதை.”

சொல்றேன். நடுவுல நடுவுல ‘ம்’ சொல்லணும். ‘ம்’ நின்னா கதையும் நின்னுடும்.

“ம்.”

ஒரு ஊர்ல ஒரு கார் இருந்துச்சு.

“ராஜா இல்லையா?”

ராஜாவெல்லாம் இல்லை. கார்தான். இட்லி மாதிரி வெள்ளைக் கார்.

“நம்ம கார் மாதிரியா?”

மாதிரிதான், நம்மளது இல்லை. குறுக்கே பேசினா கதை கிடையாது.

அந்தக் காரை வாங்கின மனுஷன், அதுக்கு முன்னாடி பதினாலு வருஷம் மொபெட்ல போனவர். மழை சடசடன்னு அடிக்கும். டிஃபன் பாக்ஸைச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு நனைஞ்சு வருவார். அப்புறம் ஒரு நாள் கார் வாங்கினார். வாங்கின நாள்லேர்ந்து அவருக்கு ஒரே பயம். என்ன பயம்? கல்லு. ரோட்டுல கிடக்குமே, குட்டிக் குட்டிக் கல்லு, அது. முன்னாடி போற வண்டியோட டயர் அதைத் தூக்கி அடிக்கும், டிக்னு பானெட்டுல படும், பெயிண்ட் தெறிச்சுடும். அதனால லாரியைக் கண்டா நூறடி பின்னாடியே போவார். புது ரோடு போட்ட இடத்துல நடந்து போற ஆள்கூட இவரைத் தாண்டிப் போயிடுவான். அப்புறம் தினம் காலையில காட்டன் புடவைத் துணியால சர்ர் சர்ர்னு துடைப்பார். பொண்டாட்டியோட பழைய புடவை. அதை அவ கட்டியிருந்தப்போ அத்தனை உத்துப் பாத்திருப்பாரா, சந்தேகம்தான்.

“ம்.”

அந்தப் பொண்டாட்டிக்கு லைசென்ஸ் இருந்துச்சு. அவரேதான் டிரைவிங் ஸ்கூல்ல சேத்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். சாவி மட்டும் கொடுக்கலை. முதல்ல ‘மழை நிக்கட்டும்’னார். நின்னுச்சு. அப்புறம் ‘பைபாஸ்ல ரோடு வேலை முடியட்டும்’னார். முடிஞ்சுது. அப்புறம் ‘பானெட்டுக்கு ஃபிலிம் ஒட்டிடலாம், ஒட்டினா கல்லு பட்டாலும் பெயிண்ட் போகாது, அதுக்கப்புறம் ஓட்டு’ன்னார். ஃபிலிம் ஒட்டற நாள் மட்டும் வரவே இல்லை.

அப்போ ஒரு வியாழக்கிழமை. அவர் ரயிலேறி ஈரோடு போயிருந்தார். குழந்தை ஸ்கூல்ல. சாவி ஃப்ரிட்ஜ் மேல. அவ எடுத்துட்டா.

“ஆஸ்பத்திரிக்குப் போகவா?”

இல்லை.

“கடைக்கா?”

இல்லை. சும்மா.

“சும்மாவா?”

சும்மாதான். மனுஷங்க சும்மாவும் எங்கயாவது போவாங்க. இடது பக்கத்து சீட்டுல உக்காந்து ‘பாத்து, பாத்து’ன்னு சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப் போச்சு. ஒரு நாளாவது ஸ்டியரிங்கைத் தான் பிடிச்சு, தனக்குத் தோணின இடத்துல திரும்பணும்னு இருந்துச்சு.

கேட்டைத் திறந்தா. ட்ர்ர்ர்னு ஸ்டார்ட் பண்ணினா. நின்னுபோச்சு. திரும்ப ட்ர்ர்ர். திரும்ப நின்னுபோச்சு. மூணாவது தடவை ஓடுச்சு. அப்புறம் பைபாஸ்ல ஏறினா. லாரி வந்துச்சு, நூறடி விட்டா. டிராக்டர் வந்துச்சு, அதுக்கும் நூறடி. எல்லாம் அந்த மனுஷன் சொன்னபடியே. அப்புறம் கண்ணாடியை இறக்கினா. காத்து முகத்துல குபுகுபுன்னு அடிச்சுது. ஸ்கூல் பாட்டுக் குழுவுல பாடின பாட்டு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு, பாடினா. ‘கொஞ்சம் நிறுத்தறியா’ன்னு சொல்ல யாரும் இல்லை. பாடிட்டே போனதுல நூறடி அம்பதாச்சு, அம்பது இருபதாச்சு. முன்னாடி போனது ஜல்லி லாரி. மேல தார்ப்பாய்கூட மூடலை. ஒரே ஒரு ஜல்லி உருண்டுச்சு, டங்குனு ரோட்டுல விழுந்துச்சு, எகிறிச்சு, டிக்.

“ம்… எங்க பட்டுச்சு?”

பானெட்டுல. இடது பக்கம்.

அங்கே யாரு டிவி சத்தத்தைக் குறைச்சது? சரி, இருக்கட்டும். நீ கண்ணை மூடு.

வீட்டுக்கு வந்து பாத்தா, ஒரு புள்ளி. கடுகளவுதான். ஆனா வெள்ளைக் கார்ல கடுகு பூசணிக்காய் மாதிரி தெரிஞ்சுது. முந்தானையால தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தா. திட்டுக்குப் பயந்து இல்லை. அவளுக்கும் திட்டத் தெரியும். டிஃபன் பாக்ஸைச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு நனைஞ்சு வருவாரே, அந்த முகம் ஞாபகம் வந்துடுச்சு.

முதல்ல அவரோட மேஜையிலேர்ந்து ஒயிட்னரை எடுத்துப் புள்ளி மேல வச்சா. அவ படிச்ச கான்வென்ட்ல ஒயிட்னர் போட்டா சிஸ்டர் ஜெனவீவ் நோட்டை வாங்கவே மாட்டாங்க. தப்புன்னா ஒரு கோடு போட்டு அடி, அடியில இருக்கறது எனக்குத் தெரியணும்பாங்க. கார்ல வச்ச ஒயிட்னரும் காஞ்சு பொருபொருன்னு உதிர்ந்துடுச்சு. அப்புறம் நெயில் பாலிஷ். வெள்ளைன்னுதான் கடைக்காரன் கொடுத்தான், வெயில்ல பாத்தா ரோஸ். அதையும் சுரண்டினா. நல்லவேளை, மறுநாள் வெள்ளிக்கிழமை. விடியறதுக்கு முன்னாடி எழுந்து குளிச்சுட்டு, கொஞ்சம் சந்தனம், அது மேல குங்குமம், பச்சக்னு ஒரு பொட்டு.

“ம்…”

அந்த மனுஷன் துடைக்க வந்தார். பாத்தார். இவ ஜன்னல்ல மூச்சு விடாம நின்னா. அவர் என்ன பண்ணினார் தெரியுமா? சாமிப் பொட்டாச்சேன்னு அதைத் தொடாம, சுத்தி மட்டும் வட்டமா, பூ மாதிரி துடைச்சுட்டுப் போயிட்டார். வெள்ளிக்கு வெள்ளி இவ வைக்கறது, தினமும் அவர் சுத்தித் துடைக்கறது. முதல் வாரம் இவளுக்கு நிம்மதியா இருந்துச்சு. ரெண்டாவது வாரம் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் சிரிப்பு வரலை நந்து. அவர் அத்தனை மரியாதையா துடைக்கறதைப் பாக்கவே முடியலை.

அப்புறம்… நந்து? ‘ம்’ எங்க?

“ம்.”

அது நீ இல்லையே. நீ வாயைத் திறந்துட்டு எப்பவோ தூங்கிட்டே. ஹால்லேர்ந்து வருது அந்த ‘ம்’. டிவியும் நின்னுபோச்சு.

சரி. ‘ம்’ வந்தா கதை சொல்லித்தானே ஆகணும்.

அப்புறம் அந்த ஃபிலிம் ஒட்டற நாளும் வந்துடுச்சுங்க. நாளைக்குத்தான். கடைக்காரன் பொட்டைச் சுரண்டுவான், கடுகு தெரியும், ‘என்ன சார், கல்லு பட்டிருக்கே’ம்பான். அவன் வாயால நீங்க கேக்கறதுக்கு என் வாயாலயே கேட்டுடுங்கன்னுதான் இவ்வளவு நேரம் இந்தக் குழந்தையை வச்சுக்கிட்டுப் பேசினேன். நேரா வந்து சொல்ல வாய் வரலை. எனக்கே வாய் வரலைன்னா பாத்துக்கோங்க. அந்தப் புள்ளியில பெயிண்ட் தொட்டு வைக்கறதுன்னாலும் வச்சுக்கோங்க. இல்லைன்னா அப்படியே அது மேலயே ஃபிலிமை ஒட்டச் சொல்லுங்க, அடியில இருந்துட்டுப் போகட்டும். எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு.

அவ்வளவுதான். காரு ஷெட்டுக்குள்ள, கதை தலகாணிக்குள்ள, நந்து தூக்கத்துக்குள்ள.

என்னங்க… நாளைக்கு அந்தக் கடை வரைக்கும் வண்டியை நான் ஓட்டட்டுமா? நீங்க இடது பக்கம் உக்காந்து ‘பாத்து, பாத்து’ன்னு சொல்லிட்டு வாங்க. நூறடி விட்டே போறேன். பாடக்கூட மாட்டேன். சாவியை மட்டும் ஃப்ரிட்ஜ் மேல வச்சிடுங்க.

வைக்கறீங்களா?

என்னங்க…